கரையில் ஒதுங்கிய திமிங்கிலம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்கிற்குக் கடற்கரை கிடையாது. அந்த நான்கில் ஒன்று நமது ஊவா. பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை என்று மலையை விட்டு இறங்கிப் பொத்துவிலை அடைந்தால்தான் நமக்குக் கடல். லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்தே தலை நரைத்து, கடலை ஒருநாளும் கண்ணால் காணாமலே கண்ணை மூடிய தாய்மார் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் ஒரே ஒரு தடவை கடலைக் கடந்தவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறிய பிறகு அந்தக் கடலை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஒருவன் இலக்கிய நேரத்தில் வந்து, கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று பேசினால், "மாஸ்டருக்கு என்ன நேர்ந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

ஆனால், நம் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வத்தளை, கொழும்பு, மொறட்டுவை, பாணந்துறை, காலி என்று கடலோர நகரங்களின் கடைகளிலும் வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பாடசாலைச் சுற்றுலா என்றால் திருகோணமலையும் அறுகம்பையும் கட்டாயம். கடல் நம்மை விட்டுத் தூரத்தில் இருக்கலாம், நம் பிள்ளைகள் அதன் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. துன்ஹிந்தையில் விழுகிற பதுளை ஓயாவின் தண்ணீர் எங்கே போகிறது? மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாறு விரிகுடாவில் கடலோடு கலக்கிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவுக்கும் அதுவே முடிவிடம். அந்தக் குடாவின் வாயிலில் கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம் அங்கே கரைக்கு வெகு அருகில் வந்து போகிறது. 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற ஆய்வுப் பாய்க்கப்பலில் வந்தவர்கள் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். பதுளை நகரத்துக் கால்வாயில் நாம் எறிகிற பொலித்தீன் பையும், தேயிலைக்குத் தெளிக்கிற மருந்தின் மிச்சமும் போய்ச் சேருகிற இடத்தில் அந்த உயிர்கள் வாழ்கின்றன.

இலக்கிய நேரம் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். திமி என்றால் பெருமீன். அந்தத் திமியையும் விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்க ஒன்று உண்டென்று கற்பனை செய்து அதற்குத் திமிங்கிலகிலம் என்று பெயர் வைத்தார்கள் வடமொழியாளர். தமிழ் அச்சொற்களை அப்படியே வாங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே பெரியதான நீலத் திமிங்கிலம் பெருமீன் எதையும் விழுங்குவதில்லை. கூனி இறாலைப் போன்ற சிற்றுயிர்களையே வாரி வாரி உண்கிறது. பரதவர் வைத்த பெயர்கள் இவ்வளவு ஆரவாரம் இல்லாதவை. டொல்பினுக்கு ஓங்கில் என்றார்கள். மன்னார்க் கடலில் புல் மேய்கிற சாதுவான பிராணிக்கு ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் பெயர். மேய்வதைக் கண்டு பசு என்றவன் சரியாகப் பார்த்தவன். திமிங்கிலம் என்ற சொல்லோ அதனை மீனாக்கி நம் மனத்தில் நீந்தவிட்டுவிட்டது.

சொல்லில் நேர்ந்த இந்தக் கோளாறு கடற்கரையில் ஓர் உயிரைப் பலிகொள்ளக் கூடியது. 'திமிங்கிலம் ஒரு முலையூட்டி' என்று பரீட்சையில் எழுதி மாணவன் புள்ளி எடுத்துவிடுகிறான். ஆனால், கரையில் மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒன்றைக் கண்டதும் அவன் கை என்ன செய்யும்? தண்ணீரை அள்ளி அதன் தலையில் ஊற்றும். மீன் அல்லவா, தண்ணீர் இல்லாமல்தானே தவிக்கிறது என்று மனம் சொல்லும். தலையின் உச்சியில் இருப்பது அதன் மூக்கு. நம்மைப் போல நுரையீரலால் காற்றைச் சுவாசிக்கிற பிராணி அது. மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரோ மணலோ உள்ளே இறங்கினால் கரையில் கிடந்தபடியே மூழ்கிச் சாகும்.

வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்திலே இரண்டு பிராணிகளைக் காட்டுகிறார். ஒன்று முதலை. நீருக்குள் இருக்கும்வரை எதையும் வெல்லும், வெளியே வந்தால் எதுவும் அதை வென்றுவிடும். மற்றது சேற்றில் கால் புதைந்த யானை. அதை நரியும் கொன்றுவிடும். அரசனுக்குப் போர் உபாயமாக அவர் சொன்னது இது. எனக்கோ, கரையேறிய திமிங்கிலத்தின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் திமிங்கிலத்தின் மூதாதையர் நான்கு காலில் நடந்த தரைப்பிராணிகள். இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளில் அவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. தரையை விட்டுக் கடலுக்குக் குடிபோன அந்த இனம் மறுபடி தரைக்கு வரும்போது தரை அதனை ஏற்றுக்கொள்வதில்லை.

இனி நம் நாட்டில் நடந்ததற்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, திங்கட்கிழமை. மேல் மாகாணம் முழுவதும் கொரோனா ஊரடங்கு. கொழும்புக்குத் தெற்கே 25 கிலோமீற்றர் அளவிலுள்ள பாணந்துறைக் கரையில் அன்று பிற்பகல் கரிய உடல்கள் அலையோடு வந்து விழத் தொடங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கு மேல். ஏறத்தாழ 120 என்று பின்னர் கணக்கிட்டார்கள். பைலட் திமிங்கிலம் என்று சொல்லப்படுகிற இனம் அது. ஆங்கிலத்தில் கப்பலுக்கு வழிகாட்டுகிறவனைப் பைலட் என்பார்கள் அல்லவா? கூட்டத்துக்கு முன்னால் ஒன்று வழிகாட்டிப் போகிறது, மற்றவை பின்தொடர்கின்றன என்று கருதி வைத்த பெயர். உண்மையில் ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. கணவாயைத் தின்று ஆழ்கடலில் வாழ்வது. வளர்ந்த ஆண் ஐந்தாறு மீற்றர் நீளமும் இரண்டு மூன்று தொன் எடையும் இருக்கும்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் இதே குடும்பத்துத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 470 கரையேறி, அவற்றில் சுமார் 380 மாண்டுபோன செய்தி அப்போதுதான் உலகெங்கும் பரவியிருந்தது. பாணந்துறையிலும் பிணக்குவியலே மிஞ்சும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஊர்மக்கள் இறங்கினார்கள். கடற்படையினரும் கரையோரப் பாதுகாப்புப் படையினரும் வந்தார்கள். உயிர்காப்பு வீரர்கள் ஜெட் ஸ்கீ என்ற நீர்மோட்டார்களைக் கொண்டுவந்தார்கள். தள்ளித் தள்ளிவிட்ட திமிங்கிலத்தை அலை மறுபடியும் கரைக்கே எறிந்தது. மறுபடியும் தள்ளினார்கள். இருட்டிவிட்டது. மூன்றடி தள்ளி நிற்கவேண்டும், முகக்கவசம் வேண்டும் என்று நாடே அஞ்சியிருந்த நேரத்தில், முன்பின் அறியாத மனிதர்கள் மார்பளவு நீரில் தோளோடு தோள் நின்று இரவு முழுவதும் அந்த உடல்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பெருங்கூட்டம் ஆழ்கடலுக்குப் போய்விட்டது. இறந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இலங்கை கண்ட மிகப் பெரிய கரையேற்றம் அது. அதற்கு முன்னர், 2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூதூருக்குப் பக்கத்தில் சம்பூரிலும் சுமார் இருபது பைலட் திமிங்கிலங்களைக் கடற்படையினரும் ஊரவரும் சேர்ந்து மீட்டார்கள். சம்பூர் கொட்டியாறு விரிகுடாவின் கரை. நம் பதுளை ஓயா போய்ச் சேருகிற அதே நீர்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையைத் தமிழ்நாட்டுக் கரையில் காணலாம். 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் திகதி மாலை, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் இதே இனத்தைச் சேர்ந்த 81 திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டுப் பலவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டார்கள். அவற்றில் சில திரும்பி வந்து மறுபடி கரையேறின. 45 இறந்தன. மணப்பாடு என்றதும் இலக்கிய நேயர்களுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவல் நினைவுக்கு வரும். அந்தக் கரையின் மக்களைத்தான் அவர் எழுதினார். அதே பகுதியில் 1973ஆம் ஆண்டு ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. ஒரே கரையில் 43 ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை. ஏன் அந்தக் கரை என்பது ஆராய்வாளருக்கான கேள்வி.

விட்டதும் திரும்பி வந்தது ஏன் என்பதை மட்டும் ஓரளவு சொல்லலாம். இந்த இனத்துக்குக் கூட்டம்தான் உயிர். தாய்வழி உறவாகவே ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ்கின்றன. கூட்டத்தில் ஒன்று நோயுற்றோ வழிதவறியோ ஆழங்குறைந்த நீருக்குள் போனால் மற்றவை அதனை விட்டுப் பிரிவதில்லை. சரிவு குறைந்த மணற்கரையில் அவை எழுப்பும் ஒலி சரியாக எதிரொலித்துத் திரும்புவதில்லை என்பதால் கரை நெருங்குவதும் தெரிவதில்லை. போர்க்கப்பல்களின் பேரொலி, புயல், வற்று நீர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டால், கரையில் கிடக்கிற உறவு குரல் கொடுக்கும். போனது அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பும். நம் தோட்டங்களில் துக்கவீட்டை விட்டு உடனே எழுந்து போகிறவர் உண்டா? அப்படித்தான். எனவே கூட்டமாக வந்தவற்றைக் கூடுமானவரை ஒன்றுசேர்த்துத்தான் அனுப்பவேண்டும்.

அப்படியானால் கண்டவுடன் தள்ளலாமா, கூடாதா என்று கேட்பீர்கள். பாணந்துறையில் தள்ளினார்கள், பிழைத்தன. திருச்செந்தூரில் இழுத்தார்கள், மாண்டன. இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. அலை அடிக்கும் நீரில் பாதி மிதந்துகொண்டிருக்கிற பிராணி வேறு, காய்ந்த மணலில் பல மணிநேரம் கிடந்த பிராணி வேறு. நீரில் இருக்கும்வரை அதன் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. மணலில் ஏறிவிட்டால் அதன் சொந்த எடையே அதன் நுரையீரலையும் தசைகளையும் அழுத்துகிறது. நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் நச்சுப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. குளிர்ந்த ஆழ்கடலுக்காக அதன் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் போர்வை உண்டு. வெயிலில் கிடந்தால் அந்தப் போர்வையே அடுப்பாகி உள்ளிருந்து வேகவைக்கும். தோல் வெடித்துக் கொப்புளிக்கும். இவ்வளவு நேர்ந்த பிராணியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டால், நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் பக்கவாட்டில் சரிந்து மூச்சுத்துளைக்குள் நீர் புகுந்து சாகும். நம் கண்ணுக்குக் கடலுக்குள் போய்விட்டது போலத் தெரியும். நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

ஆகவே முதல் வேலை சொல்லி அனுப்புவது. நம் நாட்டில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற அவசரத் தொலைபேசி இலக்கம் உண்டு. அது கிடைக்காவிட்டால் 119 என்ற பொலிஸ் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கடற்படை முகாம் இருந்தால் ஆளனுப்பலாம். எந்த இடம், எத்தனை, எவ்வளவு பெரியது, மூச்சு விடுகிறதா, எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்ற விபரங்களைத் தெளிவாகச் சொன்னால் வருகிறவர் அதற்கேற்ற ஆயத்தத்தோடு வருவார். மூச்சு விடுகிறதா என்பதில் அவசரம் கூடாது. ஆழத்தில் மூச்சடக்கிப் பழகிய பிராணி அது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே நிமிடக்கணக்கில் அசையாமல் கிடக்கலாம்.

ஆட்கள் வரும்வரை செய்யக்கூடியதெல்லாம் தாயொருத்தி காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்வது போன்ற காரியங்கள்தான். பழைய வேட்டி, சேலை, படுக்கை விரிப்பு எதையாவது கடல்நீரில் நனைத்து உடலின் மேல் போர்த்தவேண்டும். மூச்சுத்துளையை மட்டும் மூடக்கூடாது. அதைச் சுற்றியும் நீர் ஊற்றும்போது கவனம் வேண்டும். மூச்சுத்துளைக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அதன் மூச்சுக்காற்றில் நமக்குத் தொற்றக்கூடிய கிருமிகள் இருக்கலாம். வாளியால் நீர் மொண்டு துணி காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வெயிலாக இருந்தால் கூடாரச் சீலையோ தென்னோலையோ கட்டி நிழல் செய்யலாம். எண்ணெய், களிம்பு எதுவும் பூசக்கூடாது. சரிந்து கிடந்தால், பலர் சேர்ந்து மெல்ல வயிறு தரையில் படும்படி நிமிர்த்தலாம். பக்கத்துடுப்புகள் உடலுக்கடியில் மடிந்துவிடாமல் அவற்றின் கீழே மணலைத் தோண்டிக் குழியாக்கி நீர் நிரப்பினால் அதற்கு ஆறுதல். வாலில் கயிறு கட்டி இழுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. துடுப்பைப் பிடித்து இழுப்பதும் அப்படியே, மூட்டு கழன்றுவிடும். வால் பக்கம் நிற்கவே கூடாது. அது ஒரு வீச்சு வீசினால் நம் எலும்பு மிஞ்சாது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், மிகக் கடினமான வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்டத்தை அடக்குவது. கரையில் கிடக்கும் பிராணி ஒலியால் உலகை அறிவது. நம் கூச்சலும் நாய்க்குரைப்பும் மோட்டார் சைக்கிள் இரைச்சலும் அதற்குச் சித்திரவதை. இதிலே தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை சிக்கிவிட்டது என்ற செய்தி வந்தால் என்ன நடக்கிறது? பிரட்டுக்களம் முடிவதற்குள் நான்கு டிவிசன் ஆட்களும் கூடிவிடுவார்கள். கல் எறிகிறவன் ஒருவன், கைப்பேசியில் படம் பிடிக்கிறவன் ஒருவன். சுருக்கு இறுகிய பிராணி ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளித் துள்ளித் தன் உடலைத் தானே அறுத்துக்கொள்ளும். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்து லக்சபான தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கி, உடவளவைக்குச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்டு, சில நாளில் இறந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் புகுந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்தே கொன்று, அதையும் படமெடுத்துப் பரப்பினார்கள். சிறுத்தைக்கு நாம் அஞ்சுகிறோம், அதற்குக் காரணம் இருக்கிறது. கொழுந்து மலைக்குள் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு அந்த அச்சம் எப்படிப்பட்டதென்று கொழும்பிலிருந்து உபதேசம் செய்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால், திமிங்கிலம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதனிடத்தில் நாம் காட்டுவது அச்சமல்ல, இரக்கம். அந்த இரக்கமும் அவசரப்பட்டால் அச்சத்தைப் போலவே கொல்லும் என்பதை நாம் இன்னும் சரியாக எண்ணிப்பார்க்கவில்லை. முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவனை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அவனுக்கு ஒரு பொலிஸ்காரரே போதும்.

நியூசிலாந்தில் கரையேற்றம் அடிக்கடி நிகழும். அங்கே 'புரொஜெக்ட் ஜோனா' என்ற தொண்டர் அமைப்பு, கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என்று சாதாரண மக்களுக்கே ஒருநாள் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. அழைப்பு வந்ததும் அவர்கள் போய் நிற்கிறார்கள். திமிங்கிலத்தின் வயிற்றில் மூன்று நாள் இருந்து பிழைத்த விவிலிய யோனாவின் பெயரைத் திமிங்கிலத்தைப் பிழைக்கவைப்பவர்கள் சூட்டிக்கொண்டதில் ஒரு நன்றிக்கடன் தெரிகிறது. நம் நாட்டிலே கடலோரப் பாடசாலைகளிலும், சுற்றுலா போகிற மலைநாட்டுப் பாடசாலைகளிலும், மேலே சொன்னவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒட்டிவைத்தால் என்ன செலவாகிவிடும்? சுற்றுலா பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி கொண்டுபோகிறோம். அதன் மூடியில் இந்தத் தாளையும் ஒட்டலாம்.

எல்லாம் செய்தும் பிழைக்காமல் போவதும் உண்டு. தனியாக ஒதுங்குகிற பிராணி பெரும்பாலும் நோயோடோ காயத்தோடோதான் வருகிறது. மிருக வைத்தியர் வந்து பார்த்து, இனி அதைத் துன்பப்படுத்துவதில் பயனில்லை என்றால் அந்தத் தீர்ப்பை ஏற்கவேண்டியதுதான். செத்தபிறகு என்ன செய்வது? பட்டினப்பாலையில் வருகிற பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டார்கள். வியட்நாமின் கடலோர மீனவர்கள் இன்றும் திமிங்கிலத்தைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். இறந்து ஒதுங்கியதை முதலில் கண்டவர் யாரோ அவரே மூத்த மகனின் இடத்தில் நின்று துக்கம் காக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உடலைப் புதைத்து, பிறகு எலும்பை எடுத்துக் கோயிலில் வைக்கிறார்கள். பான் தியட் என்ற ஊரின் கோயிலில் 22 மீற்றர் நீளமான முழு எலும்புக்கூடே இருக்கிறது. அமெரிக்கர் வழி வேறு. 1970ஆம் ஆண்டு நவம்பரில் ஒரேகன் மாநிலத்து நெடுஞ்சாலைத் திணைக்களம், அழுகிக்கொண்டிருந்த ஒரு திமிங்கிலத்தை அரைத் தொன் டைனமைற் வைத்துத் தகர்த்தது. துண்டு துண்டாகப் பறந்த கொழுப்பு வேடிக்கை பார்த்தவர்களின் தலைமேல் மழையாகப் பெய்தது. பெரிய துண்டொன்று தூரத்தில் நின்ற ஒரு காரின் கூரையை நசுக்கியது. பெருமளவு உடல் இருந்த இடத்திலேயே கிடந்தது.

நமக்கு டைனமைற்றும் வேண்டாம், கோயிலும் கட்டவேண்டியதில்லை. இறந்த உடலிலிருந்து விலகி நிற்பது, இறைச்சிக்காக அறுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது, திணைக்களத்துக்குச் சொல்வது, இவை போதும். நம் நாட்டுச் சட்டப்படி திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. செத்ததென்றாலும் இறைச்சியைத் தொடுவது குற்றம், உடல்நலத்துக்கும் கேடு. உடலைப் பார்த்து அறிஞர்கள் அறிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது.

1963ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி இரத்மலானைக் கரையில் நான்கரை மீற்றர் நீளமான ஒரு பெண் பிராணி ஒதுங்கியது. நீலங்கலந்த சாம்பல் நிறம், நீண்ட கூரிய அலகு. அக்காலத்தில் நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அதனை ஆராய்ந்து, இது உலகம் இதுவரை அறியாத புதிய இனம் என்று அதே ஆண்டில் எழுதினார். மேல்நாட்டு அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே அறிந்த வேறோர் இனம்தான் அது என்று சேர்த்துவிட்டார்கள். அந்த எலும்பு நூதனசாலையில் இருந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தன. இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் வேறு சில கரைகளில் ஒதுங்கியவற்றின் எலும்புகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, தெரணியகல சொன்னதே சரி, அது தனி இனம்தான் என்று 2014ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார்கள். இன்று ஆங்கிலத்தில் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. விஞ்ஞானப் பெயரில் அவர் வைத்தது 'ஹொட்டாவுல' என்ற சொல். ஹொட்ட என்றால் சிங்களத்தில் அலகு, உல என்றால் கூரானது. இலத்தீனில் பெயர் வைக்கிற வழக்கத்துக்கு நடுவே, கரையில் நின்று பார்த்த ஊரவர் எதைச் சொல்லியிருப்பார்களோ அதையே அவர் வைத்துவிட்டார். இந்த இனத்தை உயிரோடு உறுதியாக அடையாளங் கண்டவர் மிக அரிது. அறிவுலகம் அதைப்பற்றி அறிந்ததில் பெரும்பகுதி, எங்கெங்கோ கரைகளில் ஒதுங்கிய உடல்களைக் கண்டு யாரோ சிலர் போய்ச் சொன்னதால் அறிந்ததே.